நூற்று முப்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது

நான் அதிகம் பேசமாட்டேன். ஒரு வார்த்தையில் முடிகிற இடத்தில் இரண்டு வார்த்தை செலவு செய்ததில்லை. அதை நல்ல குணம் என்று ஊரில் சொன்னார்கள். நானும் நம்பினேன். கல்யாணமாகி இரண்டாவது பொங்கல் வரை நம்பினேன்.

அன்றைக்கு நாலு வார்த்தை கூடப் பேசியிருந்தால், நான் சாகப் போகிறேன் என்று மாமியார் ஊரே திகைத்து நின்றிருக்காது.

கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆறாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று நானும் வாத்தியாரும் ஒரே நேரத்தில் முடிவு செய்தோம். அரியலூரில் ஓர் உரக் கிடங்கில் லோடுமேன் வேலை. லாரியில் வருகிற ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் வாங்கி உள்ளே கொண்டுபோய் அடுக்க வேண்டும். சாயங்காலம் கபடி. எங்கள் அணியில் நான் லெஃப்ட் கார்னர். எதிரணியிலிருந்து கபடி பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்து உட்கார வைக்கிற இடம் அது. வேலு பிடித்த கால் கோட்டுக்குத் திரும்பாது என்று சொல்வார்கள். (நான் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை.)

எங்கள் பக்கம் கபடிப் போட்டியை எடை வைத்து நடத்துவார்கள். அறுபத்தைந்து கிலோ என்று நோட்டீசில் போட்டிருந்தால், ஆடுகிற ஒவ்வொருவனும் ஆட்டத்துக்கு முன் தராசில் ஏறி இறங்க வேண்டும். நூறு கிராம் கூடினாலும் வெளியே. இதற்காக மொட்டை போட்டவன் உண்டு. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டே வந்தவன் உண்டு.

அந்த வருடம் பொங்கல் போட்டி ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு ஊரில். என் மனைவி செல்வியின் ஊர். அறுபத்தைந்து கிலோ.

கிடங்குத் தராசில் ஏறிப் பார்த்தேன். எழுபத்தொன்று இருநூறு.

கல்யாணமான ஆண்பிள்ளைக்கு வரும் எடைதான். மாமியார் முந்திரிக் கொல்லை வைத்திருக்கிறவர். போகும்போதெல்லாம் தூக்குவாளி நிறையக் கொடுத்தனுப்புவார்.

எங்கள் கேப்டன் தங்கராசு அண்ணன் தராசு முள்ளைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"வேலு, அஞ்சு வாரம் இருக்கு. எறங்கிட்டீன்னா கார்னர் உனக்கு. இல்லன்னா என் மச்சினன் நிப்பான். அப்புறம் எப்பவுமே அவன்தான். பின்னாடி வந்து மூஞ்சியத் தூக்கிக்கக் கூடாது."

"சரி" என்றேன்.

ஒன்பது வருடமாக நான் நின்ற இடம். அதைத் தவிர என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. அன்று இரவு சோறு இறங்கவில்லை. (எடை குறைய ஆரம்பித்துவிட்டது என்று அதையும் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டேன்.)

அந்த வாரம்தான் ஜமால் வந்தான். லப்பைக்குடிக்காட்டுக்காரன். என்னோடு கிடங்கில் இரண்டு வருடம் மூட்டை தூக்கியவன். பிறகு துபாய் போய்விட்டான். அங்கே ஒரு பெரிய உடற்பயிற்சிக் கூடத்தில் தரை துடைக்கிற வேலை. ஆறு வருடம் துடைத்திருக்கிறான். துடைக்கும்போது அங்கே கோச் சொன்னதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. லீவில் வந்தவன் பழைய ஆட்களைப் பார்க்கக் கிடங்குக்கு வந்தான். கையில் பேரீச்சம்பழ டப்பா.

என் கதையைக் கேட்டான். பழ டப்பாவைத் திறக்காமல் மூடினான்.

"இது உனக்கு வேணாம். எப்புடிக் கொறைக்கப் போற?"

"ஓடுவேன்."

"எப்புடி ஓடுவ?"

"வேகமா."

ஜமால் தலையில் கை வைத்தான். "யா அல்லா! அதான்யா தப்பு. வேகமா ஓடுனா நெஞ்சு ரொம்ப அடிக்கும். ரொம்ப அடிச்சா சதை எரியும். மெதுவா, ஒரு அளவா அடிச்சா கொழுப்பு மட்டும் எரியும். கொழுப்புதான போகணும் உனக்கு? சதை போச்சுன்னா என்னத்த வச்சுக் கால புடிப்ப?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடம் வேகமாக ஓடியிருக்கிறேன். எவ்வளவு சதை எரிந்ததோ.

மறுநாள் ஜமால் ஒரு சின்னப் பையோடு வந்தான். உள்ளே கறுப்பு வாட்ச் ஒன்று. கூடவே ஒரு கறுப்புப் பட்டை, நடுவில் தட்டையாக ஒரு பிளாஸ்டிக் கட்டை. பட்டையை நெஞ்சைச் சுற்றிக் கட்டினால், நெஞ்சு நிமிடத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று வாட்ச் காட்டும். அங்கே யாரோ பழசாகிவிட்டது என்று போட்டுவிட்டுப் போனதாம்.

"இருநூத்தி இருபதுலேருந்து உன் வயசக் கழிக்கணும். உன் வயசு என்ன?"

"பள்ளிக்கூடத்துல போட்டதா, அம்மா சொல்றதா?"

"ரெண்டும் வேற வேறயா?"

"ரெண்டு வருசம் வித்தியாசம்."

ஜமால் சிமெண்டுத் தரையில் கரியால் கணக்குப் போட்டான். எந்த வயசு வைத்தாலும் ஒரு துடிப்புதான் முன்னேபின்னே வந்தது. பள்ளிக்கூட வயசையே வைத்துக்கொண்டோம்.

"நூத்திப் பதினாறுலேருந்து நூத்தி முப்பத்தஞ்சு. இதுக்குள்ளதான் நீ இருக்கணும். மேல போனா பீப்பு பீப்புன்னு கத்தும். கீழ போனாலும் கத்தும். அது கத்தாமப் பாத்துக்க. கோழி, முட்டை நல்லாச் சாப்புடு. கொழுப்புச் சிரிச்சிக்கிட்டே எறங்கும், இன்ஷா அல்லாஹ்."

பிளாஸ்டிக் கட்டைக்கு அடியில் எச்சில் தொட்டு வைக்க வேண்டும், ஈரம் இல்லாவிட்டால் எண் தெரியாது என்றும் சொன்னான். பத்து நாளில் துபாய் திரும்பிவிட்டான். மிச்சப் பாடத்தை நானே படித்துக்கொண்டேன். ஆறாவது படித்தவன் படிக்கிற மாதிரி.

ஜமால் சொன்னது நடக்கும்போதும் ஓடும்போதும் என்றுதான். நான் எந்நேரமும் என்று எடுத்துக்கொண்டேன். குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்.

முதல் நாள் கிடங்கில் ஒரு மூட்டையை முதுகில் வாங்கினேன். வாட்ச் கத்தியது. குனிந்து பார்த்தேன். நூற்று ஐம்பத்தெட்டு. மூட்டையை அங்கேயே போட்டேன். பின்னால் வந்தவன் அதில் தடுக்கி விழுந்தான்.

நான் கறி சாப்பிட்டு வளர்த்த சதை. மூட்டைக்கு மூட்டை எரிந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கே தெரியாமல்.

மேஸ்திரியிடம் போனேன். "அண்ணே, கிழிஞ்ச சாக்குத் தைக்கிற வேலை குடுங்க."

"அது பொம்பளைங்க பாக்குற வேலைய்யா."

"பரவால்ல."

ஐந்து வாரம் உட்கார்ந்து சாக்குத் தைத்தேன். உட்கார்ந்தால் துடிப்பு எழுபதுக்கு வந்துவிடும், அதற்கும் கத்தும். அதனால் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கிடங்கைச் சுற்றி வந்தேன். கூடத் தைத்த இரண்டு அக்காக்களும் எனக்கு வயிறு சரியில்லை என்று முடிவு செய்து, ஓமம் வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். விளக்குவது பெரிய வேலை.

கபடிப் பயிற்சியிலும் அதே கதை. ஒருவன் காலைப் பிடித்தேன், நூற்று எழுபது. விட்டுவிட்டேன். "போட்டி வரைக்கும் நான் நின்னு பாக்குறேன்" என்று தங்கராசு அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சாப்பாட்டில்தான் பெரிய தவறு. கோழி, முட்டை என்று ஜமால் சொன்னான். அது மார்கழி மாதம். எங்கள் வீட்டில் மார்கழியில் கவுச்சி அடுப்பேறாது. பருப்பு சாப்பிட்டால் வாயு என்று நானே தள்ளினேன். மிச்சம் ரசம். ஒரு பிடி சோறும் ரசமும். வேறு எதுவும் இல்லை.

செல்வி பேசிப் பார்த்தாள். "ஏங்க இப்புடிக் கெடக்குறீங்க? என் சமையல் புடிக்கலயா?"

"அதெல்லாம் இல்ல."

"நெஞ்சுல என்ன அது, எச்சியத் தொட்டுத் தொட்டு வக்கிறீங்க? பாய் மந்திரிச்சுக் குடுத்தாரா?"

எனக்கு விளக்க வேண்டும். இருநூற்று இருபதில் ஆரம்பிக்க வேண்டும். வயசைக் கழிக்க வேண்டும். அதில் பத்தில் ஆறு பங்கு, ஏழு பங்கு எடுக்க வேண்டும்.

"ம்" என்றேன்.

அந்த "ம்"முக்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

காலையில் நடை. ஓடினால் நூற்று ஐம்பது ஆகிவிடும். சாதாரணமாக நடந்தால் நூறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை இருக்கிறது. அவசரமாகக் கொல்லைக்குப் போகிறவனின் நடை அது. அதில்தான் வாட்ச் வாயை மூடும். கீழப்பழுவூர் வரை அப்படியே போய் அப்படியே திரும்புவேன். டவுன் பஸ் கண்டக்டர் தினமும் எனக்காக விசில் அடித்து நிறுத்துவார். பஸ்ஸைப் பிடிக்க வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு. நான் பஸ்ஸைத் தாண்டி நடந்து போய்விடுவேன். மூன்றாம் நாள் ஜன்னலோர ஆட்கள் எல்லோரும் தலையை வெளியே நீட்டித் திட்டினார்கள். வாட்ச் கத்தியது. திட்டு வாங்கினால்கூடத் துடிப்பு ஏறும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான்காவது வாரம். எடை அறுபத்தாறு. எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். மெயின் ரோட்டில் திட்டு அதிகமானதால், சுண்ணாம்புக் கல் குவாரிக்குப் போகிற மண் ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். அந்த ரோட்டுக்கு மேலே பெரிய பெரிய கரண்டு டவர் கம்பிகள் குறுக்கே போகும். காலை வேளை. யாரும் இல்லை. வாட்ச் பேசாமல் இருந்தது. திடீரென்று கத்த ஆரம்பித்தது.

பார்த்தேன். இருநூற்று இருபத்தெட்டு.

மறுபடி பார்த்தேன். சுழி. இரண்டு சுழி.

இருநூற்று இருபத்தெட்டு தடவை அடித்து, அப்புறம் நின்றுவிட்டது. செத்துவிட்டேன் என்று நினைத்தேன். செத்தவன் எப்படி நினைப்பான் என்றும் நினைத்தேன். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கல் ஏற்ற வந்த லாரி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "யோவ், நடுரோட்டுல உக்காந்து என்னய்யா பண்ற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஓரமா உக்காரு. எனக்கு லோடு இருக்கு."

ஓரமாக உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் தவழ்ந்து போனதும் எண் நூற்று நாற்பதுக்கு வந்தது. உயிர் வந்தது.

மறுநாளும் போனேன். மனசு கேட்கவில்லை. அதே இடம் வந்ததும் அதே இருநூற்று இருபத்தெட்டு. அதே சுழி. வீட்டிலிருந்து ஒன்றரை மைல். என் நெஞ்சு ஒன்றரை மைலுக்கு மேல் தாங்காது என்று புரிந்துகொண்டேன். (மெயின் ரோட்டில் தினமும் நாலு மைல் நடந்தேனே என்று அப்போது தோன்றவில்லை. பயந்தவனுக்குக் கணக்கு வராது.) யாரிடமும் சொல்லவில்லை. செல்வியிடம்கூட. அவள் முகத்தை மட்டும் மறக்காமல் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பொங்கல் வந்தது. போட்டி நாள்.

செல்வியின் ஊரில் மந்தையில் பந்தல். முந்திரி வாங்குகிற வியாபாரியின் தராசைக் கொண்டுவந்து பந்தலுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே மைக். ஊர் மருமகன் என்பதால் எனக்குத் தனி மரியாதை. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமியாரும் அவர் சொந்தக்காரப் பெண்களும் வேப்பமரத்தடியில். செல்வி அவர்களோடு. எதிரணியில் என் மச்சான் ரவி, செல்வியின் தம்பி. நல்லாப் பாடிப் போகிறவன். வழக்கமாக அவன் காலைப் பிடிப்பது நான்தான்.

என்னைப் பார்த்ததும் மாமியாருக்கு வாய் கோணியது. "என்னங்க மாப்ள, பாதியாப் போயிட்டீங்க?"

சிரித்துவைத்தேன்.

மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். "அடுத்ததா நம்ம ஊரு மாப்பிள்ளை வேலு. கை தட்டுங்கப்பா!"

லுங்கியை அவிழ்த்தேன். டவுசர். சட்டையைக் கழற்றினேன். கூட்டம் அமைதியானது. எனக்குக் காரணம் தெரியவில்லை. ஐந்து வாரமாக உடம்போடு ஒட்டிப் போனதால் அந்தப் பட்டை கட்டியிருப்பதே எனக்கு மறந்துவிட்டது. எலும்பு தெரிகிற நெஞ்சு. அதைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. நடுவில் கட்டை.

தராசில் ஏறினேன். ஆயிரம் கண்ணு. துடிப்பு ஏறியது. வாட்ச் கத்தியது.

மைக் பக்கத்தில் இருந்தது என்று சொன்னேன். மைக் அதை அப்படியே வாங்கியது. பந்தலில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், கோயில் பக்கம் ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று. எல்லாக் குழாயிலும் பீப், பீப், பீப்.

மைக் பிடித்திருந்தவர் நல்ல மனுஷன். பதற்றத்தில் மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். "என்னப்பா இது, நெஞ்சுல மிஷினு வச்சிருக்காங்க!" என்றார். அதுவும் ஏரிக்கரை வரை போயிற்று.

வேப்பமரத்தடியில் ஒரு அலறல். என் மாமியார்.

"அய்யோ, இதய வியாதிக்காரனுக்குப் பொண்ணக் குடுத்துட்டமே! மறைச்சுக் கட்டிட்டாங்களே!"

செல்வி எழுந்தாள். அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அது மிஷினு இல்லம்மா. தாயத்து. பாய் மந்திரிச்சுக் குடுத்தது!"

"தாயத்தா? எந்த வியாதிக்குடி தாயத்து? தாயத்து எங்கயாவது கத்துமாடி?"

மாமனார் எழுந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தராசின் மேல் நிற்கிற என்னை அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ள, உள்ளதைச் சொல்லுங்க. எவ்ளோ நாளா?"

நான் பட்டையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "அஞ்சு வாரமாங்க."

"எந்த டாக்டரு கட்டுனது?"

"டாக்டர் இல்லீங்க. ஜமாலு."

"அவரு என்ன படிச்சிருக்காரு?"

"தரை துடைக்கிறாரு."

மாமனார் பட்டையைத் தொடாமல் விரலால் காட்டினார். "இதை எடுத்தா என்னாவும்?"

"எடுத்தா ஒண்ணும் ஆவாது. கத்துனாத்தான் சதை எரியும்."

மாமனார் பின்னால் நாற்காலி இருப்பதாக நினைத்து உட்கார்ந்தார். நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்தார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். மாமா, இது எடை குறைக்கிற வாட்ச், எனக்கு ஒன்றுமில்லை என்று. சொல்ல வாயைத் திறந்தேன். குவாரி ரோடு ஞாபகம் வந்தது. இருநூற்று இருபத்தெட்டு. இரண்டு சுழி. ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். திறந்து மூடிய வாயைப் பார்த்து மாமியார் இன்னொரு தடவை அலறினார்.

"அறுபத்து நாலு எண்ணூறு" என்றார் தராசுக்காரர். யாரும் கை தட்டவில்லை.

மாமனார் என்னை ஆட விடமாட்டேன் என்றார். தங்கராசு அண்ணனும் சரி என்றுதான் சொன்னார். அப்புறம் அவர் மச்சினன் தராசில் ஏறினான். அறுபத்தைந்து ஐந்நூறு. காலையில் பொங்கலை ஒரு வெட்டு வெட்டியிருக்கிறான். ஏழு பேருக்கு ஆள் இல்லை. தங்கராசு அண்ணன் என் தோளைத் தொட்டார். (முன்பெல்லாம் தட்டுவார்.)

"வேலு, சும்மா நின்னாப் போதும். எதையும் புடிக்காத. செத்துக்கித்துப் போயிடாத."

பட்டையைக் கழற்றிச் செல்வியிடம் கொடுத்துவிட்டுப் போய் நின்றேன். லெஃப்ட் கார்னர். என் இடம்.

முதலில் பாடி வந்தவனுக்கு விஷயம் தெரியவில்லை. வெளியூர் ஆள், அவர்கள் ஆட்டத்துக்குக் கூப்பிட்டு வந்தவன். ஒல்லி. கால் எட்டிப் போட்டான். பிடித்தேன். நல்ல பிடி. விழுந்து பிடித்தேன்.

அவன் நடந்து போனான்.

ஓடக்கூட இல்லை. என்னையும் இழுத்துக்கொண்டு, மண்ணில் கோடு போட்டபடி நடந்து போனான். கையில் பலம் என்று ஒன்று இல்லவே இல்லை. நேற்று வரை என்னோடு இருந்த கை அது இல்லை. யாரோ ஒரு சாக்குத் தைக்கிறவனின் கை. அந்த நாளில் எனக்கு மிகப் பெரிய அதிர்ச்சி அதுதான். மைக் இல்லை, அலறல் இல்லை. பிடித்த கால் போகிறதே என்று தரையில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய், மாப்பிள்ளையத் தொடாதீங்கடா!" என்று ஊரே கத்தியது.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்லக் கூடாது. எதிரணியில் யாரும் என் பக்கம் வரவில்லை. பாடி வந்தவன் எல்லோரும் வலது பக்கமே போனார்கள். அவர்களுக்குப் போக வேறு பக்கம் இல்லாததால் எங்கள் ஆட்கள் வலது பக்கமே காத்திருந்து பிடித்தார்கள். நான் பாடிப் போனால் விலகி வழி விட்டார்கள். ஒருவன் "மெதுவாப் போங்கண்ணே" என்றான். பாதி ஆட்டத்தில் தங்கராசு அண்ணன் என்னிடம் வந்தார்.

"அந்தப் பட்டையத் திரும்பக் கட்டிக்கிறியா? அவனுங்களுக்குக் கொஞ்சம் நல்லாத் தெரியுறாப்ல."

முறைத்தேன். போய்விட்டார்.

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் ஒரே புள்ளி. ரவி பாடி வந்தான். எங்கள் பக்கம் நான் ஒருவன்தான் மிச்சம், மற்ற எல்லோரும் அவுட். அவன் வேறு எங்கே போவான்? கபடி கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே என்னைத் தொட்டான். பூவைத் தொடுகிற மாதிரி, ஒரு விரலால். திரும்பினான்.

பிடித்தேன். வேறு எதற்காக ஐந்து வாரம் ரசம் குடித்தேன்? இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்தேன். ரவி இழுத்தான். நான் போனேன். கோடு இன்னும் ஒரு முழம். ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. பல்லைக் கடித்தேன். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முனகல்தான்.

ரவி நின்றான். குனிந்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, நெஞ்சு வலிக்குதா?"

பாட்டை விட்டுவிட்டான். பாடுகிறவன் நடுவில் வேறு வார்த்தை பேசினால் அவுட். எல்லாருக்கும் தெரியும். ரவிக்கும் தெரியும். அவன் அதை நினைக்கவில்லை.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். ஊத அவருக்கும் மனசு வரவில்லை. என்னைப் பார்த்தார், ரவியைப் பார்த்தார், என் மாமனாரைப் பார்த்தார். பிறகு ஊதினார்.

ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

எங்கள் ஆட்கள்கூடக் குதிக்கவில்லை. ரவி என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து என் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். "ஒண்ணும் ஆவாது மாமா, ஒண்ணும் ஆவாது" என்று அழுதான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மண்ணைப் பார்த்தேன். எனக்குக் கப்பு வாங்கிக் கொடுத்தவன் எதிரணிக்காரன்.

மறுநாள் விடிந்ததும் மாமனார், மாமியார், செல்வி, ரவி, நான் ஐந்து பேரும் ஜெயங்கொண்டத்துக்கு ஒரு டாக்டரிடம் போனோம். வேனில் யாரும் பேசவில்லை. நான் வழக்கம்போல. மற்றவர்கள் பயத்தில். எனக்கும் பயம்தான். கம்பிக்கு அடியில் நின்றபோது பார்த்த அந்த இரண்டு சுழியையே நினைத்துக்கொண்டிருந்தேன். செல்வியின் கை என் கை மேல் இருந்தது. சில்லென்று இருந்தது.

நெஞ்சிலும் கையிலும் காலிலும் ஒயரை ஒட்டினார்கள். மிஷினிலிருந்து கோடு கோடாக ஒரு தாள் நீளமாக வந்தது. டாக்டர் அதை விரித்துப் பார்த்தார்.

"யாருக்கு இதய வியாதி?"

ஐந்து பேரில் நால்வர் என்னைக் காட்டினார்கள்.

"குதிரை மாதிரி இருக்கே. அருமையான நெஞ்சு. ஆனா ஏன் இப்புடிக் காஞ்சிருக்கீங்க?"

அன்றைக்குத்தான் பேசினேன். என் வாழ்க்கையில் ஒரே தடவையாக அவ்வளவு பேசினேன். இருநூற்று இருபதில் ஆரம்பித்தேன். வயசைக் கழித்தேன். சாக்கு, ரசம், மார்கழி, குவாரி ரோடு, இரண்டு சுழி. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் முதலில் குறிப்பு எழுதினார். அப்புறம் பேனாவை வைத்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மேல டவர் கம்பி போவுதுன்னு சொன்னீங்கல்ல? கரண்டு அந்தப் பழைய வாட்சக் கெடுத்திருக்கு. நெஞ்சு இல்ல."

"ரெண்டு நாளும் அதே எடத்துலங்க."

"கம்பி ரெண்டு நாளும் அதே எடத்துலதான இருக்கும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை.

பிறகு கொஞ்சம் அமைதியாகச் சொன்னார். "உங்க சிநேகிதர் சொன்னதுல பாதி சரி. அளவா நடக்குறது நல்லது. ஆனா இத்தனைக்கு மேல போனா சதை எரியும்னு கோடு கிழிச்ச மாதிரி எதுவும் கெடையாது. நீங்க வேகமா ஓடியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. சாப்பாட்டக் கொறைச்சீங்க. கோழி முட்டை இல்ல, பருப்புகூட இல்ல. அதோட மூட்டை தூக்குறதையும் விட்டீங்க. அங்கதான் போச்சு. வேலை குடுக்குற சதையத்தான் உடம்பு வச்சுக்கும். சும்மா கெடக்குறத எடுத்துச் சாப்ட்ரும்."

சதையைக் காப்பாற்றுவதற்காக மூட்டையை இறக்கி வைத்தேன். மூட்டைதான் சதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இது எனக்குப் புரிய ஒரு ஊரே அழ வேண்டியிருந்தது.

மாமியார் டாக்டர் ரூமிலேயே என்னை அடித்தார். தோளில், இரண்டு அடி. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன மாப்ள! ஒரு வார்த்த!" அடித்துவிட்டு அவரே அழுதார். தை பிறந்துவிட்டதால் அன்று மதியம் கோழி அடித்தார்கள். நான் சாப்பிடுவதை எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

சாயங்காலம் ஊருக்கு வந்தேன். தங்கராசு அண்ணன் கப்போடு நின்றார். கப்பை என் கையில் கொடுத்தார். வாங்கும்போது என் கை ஆடியது. அவர் பார்த்துவிட்டார்.

"வேலு, கப்பு உன்னாலதான் வந்துச்சு. யாரு இல்லன்னா? ஆனா உன் கையில பிடி இல்லப்பா. இனிமே கார்னர்ல மச்சினன் நிக்கட்டும்."

"சரி" என்றேன். மூட்டை தூக்கி, சோறு தின்று, நாலு மாதத்தில் பிடி திரும்பி வந்தது. எடையும் எழுபத்தொன்றுக்கு வந்தது. கார்னர் வரவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று சத்தம் போடுகிற வேலைதான் எனக்கு. அதிலும் நான் சத்தம் போடுவதில்லை.

ஜமால் போனில் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, "மூட்டைய எறக்குன்னு நான் எப்பய்யா சொன்னேன்?" என்றான். உண்மைதான். சொல்லவில்லை.

அந்த ஈசிஜி தாளை மட்டும் மாமனார் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பத்திரமாக மடித்து, நிலப் பத்திரத்தோடு பீரோவில் வைத்தார். மாப்பிள்ளைக்கு நெஞ்சு வியாதியாமே என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். எழுந்து போய் எடுத்துவருவார். விரித்துக் காட்டுவார். "டாக்டரு குடுத்தது. குதிரை நெஞ்சு. பாத்துக்க." இத்தனை வருடத்தில் அந்த ஊரில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. ரவிக்குப் பெண் பார்த்தபோது பெண் வீட்டார்கூடப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்கள்.

அந்தத் தாளில் மை நிற்காது போலிருக்கிறது. வருடம் போகப் போகக் கோடு மங்கியது. போன தடவை போனபோது மாமனார் யாருக்கோ விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு துடிப்புகூட இல்லை. வெள்ளைத் தாள்.

வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரவி உள்ளேயிருந்து கத்தினான்:

"அண்ணே, பயப்படாதீங்க! மாமா நெஞ்சும் மாமா மாதிரிதான், அதிகம் பேசாது!"

வீடே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. தாளை நான்காக மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.